மருந்துக்கடையில் நிற்கும் பி.பார்ம் பெண் கிளினிக்கல் ரிசர்ச்சுக்குப் போகலாமா, மதுரையில் இருந்துகொண்டே?

மேலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். பி.பார்ம் முடித்துவிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊர் மேலூர்ப் பக்கம். தினமும் மாட்டுத்தாவணி வந்து அங்கிருந்து கோரிப்பாளையம் பஸ் பிடித்து, ராத்திரி ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தியபிறகு திரும்ப அதே வழி. வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கிறுக்கலான சீட்டையும் படித்துவிடுவேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் அட்டையின் பின்பக்கம் சூரியன், நிலா வரைந்து காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று பிரித்துக் கொடுப்பேன். ஹெச்1 பதிவேடு, அதாவது சில கட்டுப்பாடான மருந்துகளை யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதும் ஏடு, அதை ஒரு நாள்கூட விடாமல் நான்தான் எழுதுகிறேன். ஆனால் இதே கவுண்டரில் இதே சம்பளத்தில் எத்தனை வருடம் நிற்பது என்ற கேள்வி இப்போது ராத்திரி பஸ்ஸில் தினமும் வருகிறது.

கூடப் படித்த ஒருத்தி சென்னையில் கிளினிக்கல் ரிசர்ச், அதாவது மருந்துகளை மனிதர்களிடம் கொடுத்து ஆய்வு செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை. ஒரு பயிற்சி நிறுவனத்தில் விசாரித்தேன், ஆறு மாதம் டிப்ளமோ, ஒன்றேகால் லட்சம் கட்டு, வேலை நிச்சயம் என்கிறார்கள். வீட்டில் அந்தப் பணம் இல்லை, நகையை வைத்துத்தான் கட்ட வேண்டும். அந்தப் படிப்பு இல்லாமல் உள்ளே போகவே முடியாதா? கடை அனுபவத்தை அங்கே ஒரு பொருட்டாக மதிப்பார்களா? சென்னை, பெங்களூர் போகாமல் மதுரையிலேயே ஏதாவது இருக்கிறதா? வீட்டில் வரன் பார்க்கிறார்கள், அதனால் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அம்மாவிடம் சொன்னதும் "மனுசங்க மேல மருந்த போட்டுப் பாக்குற வேலையா, நமக்கு எதுக்குத்தா அந்தப் பாவம்" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துறையில் இருக்கும் பெண்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கிருதுமால்

தங்கச்சி, நான் மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன், சி.ஆர்.சி என்பார்கள். நானும் பி.பார்ம்தான், அதற்கு முன்னால் கடையில் நின்றவள்தான். முதலில் பண விஷயம். நகையை வைக்காதே. சி.ஆர்.சி வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் பார்ப்பது ஜி.சி.பி, அதாவது மருந்து ஆய்வை ஒழுங்காக நடத்தும் முறைக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று. அதை ஆன்லைனில் இலவசமாகவே படித்து வாங்கலாம், அமெரிக்க அரசின் நைடா நிறுவனம் கட்டணம் இல்லாமல் நடத்துகிறது. ஜி.சி.பி வழிகாட்டுதலின் மூன்றாவது திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியாகியிருக்கிறது, அதையும் ஒருமுறை படித்துவிடு. நம் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல் என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாக ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி ஒரு பாடம் நடத்துகிறது, படிக்கக் காசில்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். இந்த இரண்டையும் முடித்துவிட்டு வருபவளை, லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வருபவளைவிடக் குறைவாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கடை அனுபவத்தை மதிப்பார்களா என்று கேட்டாய். எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள். ஆய்வுக்கு வரும் நோயாளிக்கு நாங்கள் மாத்திரையை எண்ணிக் கொடுப்போம், அடுத்த முறை வரும்போது மிச்சத்தையும் காலி அட்டையையும் திரும்ப வாங்கி எண்ணுவோம். போன வருடம் ஒரு அம்மா, வாடிப்பட்டிப் பக்கம். பதினான்கு நாளைக்கு வேளைக்கு ஒன்றாக இரண்டு வேளை, அதற்கு 28, கைக்காவலாக 6 சேர்த்து 34 கொடுத்திருந்தோம். டைரியில் எல்லா நாளும் டிக் போட்டிருக்கிறது. அப்படியென்றால் 6 திரும்பி வர வேண்டும், வந்ததோ 2. இந்த நான்கு எங்கே போனது என்று கண்டுபிடித்து எழுத வேண்டியது நான். அதட்டிக் கேட்டால் "எல்லாத்தையும் நான்தாம்மா முழுங்கினேன்" என்றுதான் பதில் வரும். உட்காரவைத்து, மோர் குடிக்கச் சொல்லி, வீட்டில் யார் யாருக்கு என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போனபிறகுதான் சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே மூட்டுவலியாம், பாவமாக இருந்ததாம், இரண்டு நாளைக்குக் கொடுத்தாராம். உடனே அந்த அக்காவுக்கு ஏதும் ஆகவில்லையே என்று விசாரித்து, டாக்டரிடம் சொல்லி, நடந்ததை நடந்தபடி கோப்பில் எழுதி, அம்மாவுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று விளக்கி அனுப்பினோம். இந்தப் பேச்சு சூரியன், நிலா வரைந்து கொடுக்கும் உனக்கு வரும். கல்லூரியில் இருந்து நேராக வருபவர்களுக்கு அது வர நாளாகிறது. ஹெச்1 பதிவேட்டை விடாமல் எழுதும் கைக்கு எங்கள் மருந்துக் கணக்கு, குளிர்பெட்டி வெப்பநிலைப் பதிவு எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அப்புறம் அம்மா கேட்டது. அது சரியான கேள்வி, அதைக் கேட்காமல் இந்த வேலைக்கு வரவே கூடாது. 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளை எடுத்துப் படி. எந்த ஆய்வும் நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் ஒரு பெண்ணாவது, ஒரு சட்டம் தெரிந்தவராவது, மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவராவது இருக்க வேண்டும், தலைவர் அந்த மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது. நோயாளி எதிர்பாராமல் ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் படுத்தாலும், வண்டியிலிருந்து விழுந்து படுத்தால்கூட, அதைக் கடுமையான நிகழ்வு என்று 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வு நடத்தும் கம்பெனிக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் டாக்டர் தெரிவித்தாக வேண்டும். அதற்கான தாள்களை ராத்திரி உட்கார்ந்து தயார் செய்வது நாங்கள். ஆய்வினால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் சட்டப்படி உண்டு.

இதெல்லாம் தாளில் இருக்கிறது, அதைக் காப்பாற்றுவது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். ஒப்புதல் படிவம் இருபது பக்கம் இருக்கும். இரண்டாம் பக்கத்திலேயே "நீ சொன்னாச் சரிதான் தாயி, எங்க வைக்கணும்" என்று கட்டைவிரலை நீட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் மைப்பெட்டியை மூடி மேசைக்குள் வைத்துவிட வேண்டும். சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும், அவர் ஆய்வோடு சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். முழுக்கப் படித்துச் சொல்லி, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, எதுக்கு வந்திருக்கீங்க, வேண்டாம்னா என்ன செய்யலாம்" என்று அவர் வாயால் கேட்டு, வீட்டில் பேசிவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைக்கவும் மனசு வேண்டும். ஆள் சேர்க்கை குறைகிறது என்று மேலிருந்து நெருக்குவார்கள். அப்போதும் அனுப்பிவைக்க வேண்டும். உன் அம்மாவைப் போலக் கேள்வி கேட்கிற வீட்டில் வளர்ந்த பெண்தான் அந்த நாற்காலிக்கு வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இன்னொரு விஷயமும் சொல். அறுவடை நேரத்தில் கண்ணில் நெல் பட்டு, சோளத்தட்டை குத்தி, பூஞ்சைப் புண் வந்து பார்வை போகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியும். அதற்கு நேட்டாமைசின் சொட்டு நல்லதா, விலை கூடிய வோரிகோனசோல் நல்லதா என்று அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, புதுச்சேரி கிளைகளில் 323 பேரிடம் ஆய்வு நடத்தி 2013ல் முடிவை வெளியிட்டார்கள். நேட்டாமைசின்தான் மேல் என்று வந்தது, அதிலும் ஃபுசேரியம் என்ற பூஞ்சைக்கு நன்றாகவே மேல். இன்று உன் கடைக்கு அந்தச் சொட்டு மருந்துச் சீட்டு வருகிறதென்றால் அதற்குப் பின்னால் அந்த 323 பேர் இருக்கிறார்கள்.

திருநகர் வாசி

கிருதுமால் அக்கா சொன்னதோடு இன்னொரு வழியையும் சேர்க்கிறேன். நான் பார்மகோவிஜிலன்ஸ், அதாவது மருந்து பக்கவிளைவு கண்காணிப்பு. சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தேன், கல்யாணம், குழந்தைக்குப் பிறகு இப்போது திருநகரில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன், மாதத்தில் சில நாள் மட்டும் சென்னை. வரன் விஷயம் சொன்னாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேலை முழுக்கக் கணினியில். உலகத்தில் எங்கேயோ ஒருவர் மாத்திரை சாப்பிட்டு உடம்பில் தடிப்பு வந்தது என்று தகவல் வரும். நோயாளி யார், தகவல் சொன்னவர் யார், எந்த மருந்து, என்ன விளைவு, இந்த நான்கும் இருந்தால்தான் அது ஒரு கேஸ். அதை மெட்ரா என்ற மருத்துவச் சொல் அகராதிப்படி குறியிட்டு, நடந்ததைக் கதையாக எழுதி, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். கடுமையான, எதிர்பாராத விளைவு என்றால் பல நாடுகளில் 15 நாள் கெடு, கம்பெனிக்குத் தகவல் வந்த நாளிலிருந்து கணக்கு. ஆங்கிலம் எழுத வர வேண்டும். சில கம்பெனிகளில் இரவு ஷிப்ட் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்.

தொடக்கச் சம்பளத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே, கடைச் சம்பளத்தைவிட மிகப் பெரிதாக இருக்காது. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஏறும். முகம் தெரியாத ஆளைப் பற்றியே நாள் முழுக்க எழுதுகிறோமே என்று எனக்குச் சில நாள் இருக்கும், மனிதர்களோடு பேசப் பிடிக்கும் என்றால் அதையும் யோசித்துக்கொள்.

ஒன்று நீ இன்றைக்கே தொடங்கலாம். இந்திய மருந்து கண்காணிப்புத் திட்டம் 2010ல் ஆரம்பித்தது, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் நூல் ஆணையம்தான் இப்போது நடத்துகிறது. மருந்தாளுநர் யார் வேண்டுமானாலும் பக்கவிளைவை அதற்கான படிவத்தில் எழுதி அனுப்பலாம், 1800 180 3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். உன் கவுண்டரில் "இந்த மாத்திரை போட்டதிலிருந்து கால் வீங்குது" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களே அதைச் சொல்லியிருப்பார்கள். மருந்தின் பெயர், அளவு, எப்போது தொடங்கியது, நிறுத்தியபின் குறைந்ததா, கூட வேறென்ன மருந்து ஓடுகிறது என்று கேட்டு எழுதிப் பழகு. நேர்காணலில் "கடையில் இருந்தே இத்தனை அறிக்கை அனுப்பினேன்" என்று சொல்கிற ஆள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

உசிலை மருந்தாளுநர்

அம்மாடி, நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இரண்டு பேரும் நல்லதுதான் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நீ கடையை விட்டுக் கிளம்பும்போது முதலாளி ஒரு யோசனை சொல்லலாம். "சர்டிபிகேட் மட்டும் இங்கயே இருக்கட்டும்மா, மாசாமாசம் ஒரு தொகை தர்றேன்" என்று. ரொம்பப் பேர் செய்வதுதானே என்று தோன்றும், வீட்டில்கூடச் சும்மா வரும் பணம்தானே என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. உன் பெயர் அந்தச் சுவரில் தொங்கும்போது யாரோ ஒரு பையன் தப்பான மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் உன்னுடையது. பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1948 பார்மசி சட்டத்தின் 42வது பிரிவு. என் காலத்தில் தங்கள் சான்றிதழை எங்கேயோ மாட்டிவிட்டு வேறெங்கோ வேலை பார்த்து, பிறகு ஆய்வாளர் வந்தபோது ஓடி ஒளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். நாலு வருடம் படித்து வாங்கிய தாள் அது. விலகும்போது எழுத்தில் விலகல் கடிதம் கொடு, கடை உரிமத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போ. ஆய்வு வேலைக்குப் போனாலும் தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விடாதே, நாளைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தாலும் அது வேண்டும்.

அரசு வேலையையும் மனதில் வை. மருந்தாளுநர் பணிக்கு எம்.ஆர்.பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போது தகுதிப் பகுதியைக் கவனமாகப் படி. மருந்து ஆய்வாளர் பதவி டி.என்.பி.எஸ்.சி வழியாக வரும், அதற்குப் பார்மசி பட்டம் வேண்டும், பெண்கள் அதில் நன்றாகவே வருகிறார்கள். அந்த அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். சொந்தமாகச் செய்கிற எண்ணம் இருந்தால் முதல்வர் மருந்தகம் திட்டத்தில் பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் கொடுத்தார்கள், 2025 பிப்ரவரி 24ல் திறந்த ஆயிரம் கடையில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான்.

பார்ம்டி சிவகாசி

எல்லோரும் உடனே வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வயது இருக்கிறது, எம்.பார்ம் படிப்புக்கான ஜிபேட் நுழைவுத் தேர்வை எழுதிப் பாருங்கள். 2024லிருந்து அதை டெல்லியில் உள்ள என்.பி.இ.எம்.எஸ் என்ற தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நடத்துகிறது. தகுதி பெற்று அங்கீகாரம் உள்ள கல்லூரியில் எம்.பார்ம் சேர்ந்தால் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய் என்று எனக்குத் தெரிந்தவர்கள் வாங்கியிருக்கிறார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே பார்மசி கல்லூரி இருக்கிறது, எதிர்ப்பக்கக் கடையில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். அதில் பார்மசி பிராக்டிஸ், அதாவது நோயாளிகளோடு நேரடியாகச் சேர்ந்த பிரிவை எடுத்தால் வார்டு, ஆய்வு இரண்டும் கைவரும். பி.பார்ம் முடித்தவர்கள் மூன்று வருடத்தில் பார்ம்.டி முடிக்கவும் வழி உண்டு, ஆனால் கட்டணம் அதிகம், உங்கள் நிலைமைக்கு அதைச் சொல்ல மாட்டேன். பட்டமேற்படிப்பு இல்லாமல் போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பதவி உயர்வு நின்றுவிடுகிறது, என் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் அதைத்தான் பார்க்கிறேன்.

மேலூர்க்காரி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. பணம் கட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கண் மருந்து விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், எங்கள் சித்தப்பாவுக்குக் கதிரடிக்கும்போது கண்ணில் பட்டது, அவருக்கு அந்தச் சொட்டுதான் விட்டார்கள், அம்மாவுக்கு அது நினைவிருந்தது. சரி, போய்ப் பார் என்றார். சர்டிபிகேட் விஷயம் ஐயா சொன்னபடியே நடந்தது, முதலாளி போன வாரமே சாடையாகக் கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டேன். ஜிபேட்டுக்கும் சேர்த்துப் படிக்கலாம் என்று இருக்கிறேன்.

கிருதுமால் அக்கா, மதுரையில் எங்கெங்கே ஆய்வு நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரம் எதுவும் கண்ணில் படவில்லை. நேர்காணலில் என்ன கேட்பார்கள்? சி.ஆர்.ஏ, அதாவது கம்பெனி சார்பாக ஆய்வைச் சரிபார்ப்பவர், ஆகிவிட்டால் ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறார்களே, அதுவும் நிஜமா?

கிருதுமால்

விளம்பரம் அபூர்வம்தான் தங்கச்சி. சி.டி.ஆர்.ஐ என்று ஐ.சி.எம்.ஆர் நடத்தும் ஆய்வுப் பதிவேடு இருக்கிறது, 2009 ஜூன் 15லிருந்து மருந்துப் பரிசோதனைகளை அதில் பதிவு செய்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மதுரை என்று போட்டுத் தேடினால் எந்த மருத்துவமனையில், எந்தத் துறையில், எந்த நோய்க்கு ஆய்வு ஓடுகிறது, பொறுப்பு டாக்டர் யார் எல்லாம் வரும். இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்தத் துறைக்கே நேரில் போய் விண்ணப்பம் கொடு. மத்தியான ஓ.பி முடிகிற நேரமாகப் பார்த்துப் போ, காலையில் போனால் யாருக்கும் உன்னிடம் பேச நேரம் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் இப்படித்தான். ஒப்பந்த வேலையாகத்தான் முதலில் கொடுப்பார்கள், ஆய்வு முடிந்தால் வேலையும் முடியும், அதனால் அந்த ஆய்வு இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று கேட்கத் தயங்காதே.

நேர்காணலில் பெரும்பாலும் சூழ்நிலை சொல்லித்தான் கேட்போம். பாதியில் நோயாளி வேண்டாம் என்கிறார், என்ன செய்வாய்? காரணம் கேட்டு நெருக்கக்கூடாது, விலகிக்கொள்ளலாம், அதனால் அவருக்கு வழக்கமான சிகிச்சை குறையாது என்று சொல்ல வேண்டும், பாதுகாப்புக்காக ஒரு கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். தப்பாக எழுதிவிட்டால் எப்படித் திருத்துவாய்? ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும். வெள்ளை மை தடவுவேன் என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. விண்ணப்பத்தில் "மருந்து விற்பனை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தாதே. ஹெச்1 பதிவேடு, குளிர்பெட்டி இன்சுலின் இருப்பு, காலாவதி மருந்து திருப்பி அனுப்பும் கணக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விளக்கும் அனுபவம், இதெல்லாம் தனித்தனியாக எழுது.

சி.ஆர்.ஏ என்றால் பயணம் நிஜம்தான். கம்பெனி சார்பாக ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய் நாங்கள் எழுதியதைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. எங்களிடம் வரும் ஒரு பெண் மதுரையில் வீட்டை வைத்துக்கொண்டு திருநெல்வேலி, திருச்சி, கோவை என்று பார்க்கிறாள், மாதத்தில் பாதி நாள் ரயிலில்தான். சம்பளம் எங்களைவிட நன்றாகவே கூடுதல். இரண்டு வருடம் சி.ஆர்.சியாக இருந்துவிட்டு அப்போது முடிவு செய்துகொள், வரன் வீட்டிலும் பயணம் உண்டு என்பதை முன்னாலேயே பேசிவிடு. ஜி.சி.பி சான்றிதழ் கைக்கு வந்ததும் இங்கேயே ஒரு வரி போடு, உன் விண்ணப்பத்தை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.